மெயின் சுவிட்ச் ராத்தா வீட்டில்

கலீலுர் றஹ்மான் சாப்பாட்டு மேசையின் மேல் கதிரையைப் போட்டு ஏறியபோதே அவர் மனைவி ஸுல்பிகா பதறிக்கொண்டு ஓடிவந்தாள். போன கிழமை இதே மின்விசிறியைப் பார்க்க ஏறியவர், சுவர் சுவிட்சை அணைத்திருந்தும் கரண்ட் அடித்துக் கீழே விழுந்தார். மெயினையே நிறுத்த வேண்டும் என்ற புத்தி அதன்பிறகுதான் வந்தது. திருகோணமலைத் துறைமுகக் கந்தோரில் கடிதம் தட்டுகிற மனிதருக்கு இந்த வேலை எதற்கு என்று கேட்டால் கோபம் வரும். ஆனால் எழுபத்திரண்டாம் ஆண்டின் அந்த மே மாத வெயிலில், நாற்பது நாள் பிள்ளை வேர்க்குருவோடு வீரிட்டு அழுகையில் அவளும் எதைச் சொல்லித் தடுப்பாள்?

மெயின் சுவிட்ச் பக்கத்தில், அவள் மூத்த சகோதரி ராத்தா வீட்டில் இருந்தது. வாப்பா தன் ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்து, பெண்மக்கள் இருவருக்கும் சீதனமாகக் கொடுத்திருந்தார். வீட்டைப் பிரித்த மேசனுக்குக் கரண்டைப் பிரிக்கத் தெரியவில்லை. முற்றத்து முருங்கை யாருக்கு என்பதில் வாய் தடித்து, ராத்தா றம்ஸியாவோடு பேச்சு நின்று ஐந்து மாதம். ஒரு முருங்கைக்காக! வெட்கக்கேடு.

வெட்கத்தை விட்டு ஸுல்பிகா பக்கத்து வாசலில் போய் நின்றாள்.

"ராத்தா, அவர் ஃபேன் கழட்டுறார். மெயினை நிப்பாட்டணும். நான் சொல்லும் வரைக்கும் போட்டிராதீங்க."

றம்ஸியா எழுந்து போய்க் கைப்பிடியைக் கீழே இறக்கினாள். தலைகூட ஆட்டவில்லை.

திரும்பி வந்த ஸுல்பிகாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ராத்தா கோபக்காரி. அதைவிடப் பயம், அவள் கணவர் ஆதம்பாவா பகல் சாப்பாட்டுக்கு வரும் நேரம். வெயிலில் வந்தவர் காற்று இல்லையென்றால் நேரே மெயினிடம்தான் போவார்.

நினைத்தபடியே நடந்தது. கலீல் கம்பியைப் பல்லால் உரித்துக்கொண்டிருக்கையில் சுவருக்கு அந்தப் பக்கம் குரல் கேட்டது. "யாரு இத நிப்பாட்டின?" பிறகு வாக்குவாதம், கதிரை இழுபடும் சத்தம்.

"இறங்குங்க! இப்பவே இறங்குங்க!"

"பொறு புள்ள, ஒரு ஆணிதான் மிச்சம்."

அந்த ஆணி முடியும்வரை அவள் ஓதாத துஆ இல்லை. பேசாத ராத்தாவை நம்பி இவரை மேலே நிற்க விட்டேனே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஒருவழியாக அவர் இறங்கினார். "இனிப் போடச் சொல்லு."

"ராத்தா! போடுங்க!" மூன்று தரம் கத்தினாள். மின்விசிறி அசையவில்லை. வேண்டுமென்றே செய்கிறாள் என்று தோன்றியதும் பயமெல்லாம் கோபமாகி, விறுவிறுவென்று போனாள்.

ஆதம்பாவா விறாந்தையில் பத்திரிகையால் விசிறிக்கொண்டு முறைத்தார். உள்ளே, யாரும் கிட்ட வராதபடி கதிரையைக் குறுக்கே இழுத்துப் போட்டு, றம்ஸியா இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள். முகமெல்லாம் வியர்வை.

"கூப்பிட்டது கேக்கல்லையா?"

"சத்தம்தான் கேட்டிச்சு." றம்ஸியா கையை எடுக்கவில்லை. "சுவருக்கு அங்கால நீ கத்துறது இறங்கிட்டார் எண்டதுக்கா, விழுந்திட்டார் எண்டதுக்கா எண்டு எனக்கு எப்படி விளங்கும்? உன்ட மாப்பிள்ளைட உசிரு புள்ள. என்ட முகத்தப் பாத்துச் சொல்லு."

"இறங்கிட்டார் ராத்தா," என்றாள் ஸுல்பிகா. அதற்குள் அழுகை வந்துவிட்டது.

அப்போதும் றம்ஸியாவின் விரல்கள் விடவில்லை. அவை மரத்துப்போயிருந்தன. ஸுல்பிகாதான் ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள்.