கறுப்பியின் கால்

எலிசாள் கறுப்பிக் கோழியை மடியில் மல்லாத்தி, அதன் இடது காலைச் சட்டித் தண்ணீரில் அமுக்கிப் பிடித்திருந்தாள். கைபொறுக்கும் சூட்டில் உப்புக் கரைத்த தண்ணீர். கோழி ஒருமுறை உதறியது. தண்ணீர் அவள் முகத்தில் தெறித்தது.

"அடங்கிக் கெட சவமே. உனக்கு வேண்டியாக்கும் நான் கெடந்து பாடுபடுதேன்."

உள்ளங்காலில் கொட்டைப்பாக்கு அளவுக்கு வீக்கம், நடுவில் ஒரு கறுத்த பொருக்கு. அது ஊறி இளகியதும் தீயில் காட்டிய எலுமிச்சை முள்ளால் ஓரத்தை நெம்பினாள். சீழ் ஒழுகவில்லை. பிசைந்த சோறுபோல மஞ்சளாக ஒரு கட்டி முழுசாக வெளியே வந்தது. குழியில் மஞ்சள்பொடியும் வேப்பெண்ணெயும் அப்பி, கணவன் தாசையனின் பழைய வேட்டியில் கிழித்த துணியைச் சுற்றிக் கட்டினாள். இனி ஐந்து நாள் கட்டை அவிழ்க்கக் கூடாது. கூட்டுக்குள் வைக்கோல் பரப்பிக் கறுப்பியைத் தனியாக விட்டாள்.

குடிசைக்குள் பாயில் கிடந்த தாசையன் கேட்டான்: "அண்ணைக்கு அந்தக் கத்திய கழுவினியா, இல்லியா?"

"எனக்கு அப்பம் அதுக்கா நேரம்?"

தென்னையேறியான தாசையன் போன மாதம் பங்களாவின் தென்னை விளையில் தேங்காய் வெட்டும்போது மரத்திலிருந்து விழுந்தான். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. அவனைத் தூக்கிவந்து போட்ட அன்றே எலிசாள் கறுப்பியைப் பிடித்து வேதக்கோயிலுக்கு நேர்ந்துவிட்டாள். அவன் எழுந்து நடந்தால் அறுப்பின் பண்டிகை ஏலத்துக்குக் கறுப்பி போகும். நேர்ந்த கோழியின் நடுவிரல் நுனியை வெட்டி அடையாளம் வைப்பது அவர்கள் சபையில் வழக்கம். பிறகு அதை யாரும் அறுக்க மாட்டார்கள், விற்க மாட்டார்கள். கோயில் ஊழியரான கோயில்பிள்ளை வந்து சுத்தமான பிளேடால் வெட்ட வேண்டியது. அவள் காத்திருக்கவில்லை. மண்ணும் தென்னைக் கறையுமாய்க் கிடந்த அவனுடைய வெட்டுக்கத்தியாலேயே வெட்டிவிட்டாள். விரலில் பிடித்த புண் உள்ளங்காலுக்கு இறங்கியது.

கறுப்பியோடு ஏழு கோழிகள். தாசையன் விழுந்த பிறகு அந்த வீட்டில் அடுப்பு எரிவது அவை இடும் முட்டையால்தான்.

ஐந்தாம் நாள் காலையில் பங்களாத் தோட்டக்காரர் வேலப்பன் ஓடிவந்தார்.

"எலிசா, கொச்சம்மா விளிக்குது. அங்க கோழி எல்லாம் சாவுது."

பங்களா, கொச்சம்மா என்று எல்லோரும் அழைக்கும் சுசீலாபாயுடையது. விளை, தென்னை, எலிசாளின் குடிசை நிற்கும் மூலை, எல்லாம் அவளுடையவை. பங்களாவுக்குப் புதிதாகக் கரண்டு விளக்குகூடப் போட்டிருந்தாள். பின்பக்கம் கம்பிவலை அடித்த கூட்டில் பன்னிரண்டு சீமைக் கோழிகள் வளர்த்தாள். எலிசாள் போனபோது மூன்று விறைத்துக் கிடந்தன. மற்றவை கொண்டை கறுத்து, வாயைப் பிளந்து மூச்சுவிட்டன. ஒன்றுக்குக் கழுத்து பின்னால் திருகியிருந்தது. தரையெல்லாம் பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல்.

எலிசாள் வராந்தாவில் நின்ற சுசீலாபாயை நிமிர்ந்து பார்த்தாள். "இது கோழிக் கழிச்சலாக்கும் கொச்சம்மா. போன சனியாழ்ச்ச சாலைக் கடையிலேருந்து வாங்கின ரெண்டு கோழி எங்க?"

வேலப்பன் தரையைப் பார்த்தார். "அது ரெண்டும்தான் முதல்ல செத்துது," என்றார் மெதுவாக.

சுசீலாபாய் வராந்தாவை விட்டு இறங்கவில்லை. "சாலைக் கடையிலேருந்து எத்தன தடவ வாங்கியாச்சு! அப்பம் ஒண்ணும் வராத தீனம் இப்பம் வருமோ? உனக்க கோழி ஒண்ணு நொண்டுதாமே. இந்தத் தீனத்துல காலு இழுக்கும்ணு மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் சொல்லியிருக்காரு."

"அய்யோ கொச்சம்மா, அது நேர்ச்சைக்கு விரலு வெட்டின புண்ணு. அது கூட்ட விட்டு எறங்கியே அஞ்சு நாளாச்சு."

அவள் ஓடிப்போய்க் கறுப்பியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மூச்சு இரைக்க, அதன் காலில் கட்டியிருந்த துணியில் கை வைத்தாள். "அவுத்துக் காட்டுதேன், நீங்களே பாருங்க."

"கிட்ட கொண்டு வராத! அங்கயே நில்லு!"

எலிசாள் நின்ற இடத்திலேயே நின்றாள். "தீனக் கோழியா இருந்தா ரெண்டு நாளுல தானே செத்துப்போவும். ரெண்டே ரெண்டு நாளு தாருங்க. உங்க காலப் பிடிக்கேன்."

"ரெண்டு நாளுல எனக்க மிச்சமும் சாவும். நீ எனக்கு வைத்தியம் சொல்லித்தராண்டாம். அந்திக்கு முன்ன ஏழையும் கொன்னு குழிச்சு மூடணும். மனசில்லேண்ணா குடிசையக் காலி செய்து தா." உள்ளே திரும்பியவள் நின்று சொன்னாள்: "வேலப்பா, கம்பவுண்டர் தந்த பொடிய நம்ம கோழிக்குத் தண்ணியில கலக்கி வை."

தாசையன் எல்லாவற்றையும் படுத்தபடியே கேட்டான். "ஏழுல எதுக்காவது தீனம் உண்டுமா?"

"ஒண்ணுக்கும் இல்ல."

"என்னையும் தூக்கிட்டு நீ எங்க போவ? அவங்க சொன்னபடி செய்யட்டு." பிறகு தாசையன் அவள் கையைப் பிடித்தான். "கறுப்பிய மட்டும் விட்டிரச் சொல்லு எலிசா. அது ஆண்டவருக்குள்ளதாக்கும். அதக் கொன்னா நான் எந்திரிக்க மாட்டேன்."

மத்தியானம் திரும்பியதும் வேலப்பன் மண்வெட்டியோடு வந்தார். விளையின் ஓரத்தில் முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டினார். எலிசாள் ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுத்தாள். அவள் கை என்பதால் எதுவும் ஓடவில்லை. ஒன்றின் வயிற்றில் நாளைக்கு இட வேண்டிய முட்டை கைக்குத் தட்டுப்பட்டது. கழுத்தைத் திருகும்போது வேலப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆறு முடிந்தது.

"இத விட்டிருவமா?" என்றார் வேலப்பன். பதிலுக்குக் காத்திராமல் வராந்தாவைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "கொச்சம்மா, இது கோயிலுக்கு நேர்ந்ததாக்கும்."

"நொண்டியையா ஆண்டவருக்குக் கொடுப்பா? அதத்தானே முதல்ல கொல்லணும்!"

வேலப்பன் கையை நீட்டினார். எலிசாள் கொடுக்கவில்லை. அவர் நீட்டிய கையை மடக்கவில்லை. கடைசியில் கொடுத்தாள். ஒரு கணம் சிறகடிப்பு, அவ்வளவுதான்.

பங்களாக் கூட்டிலிருந்து கோழிகளின் மூச்சு இழுப்பு கேட்டுக்கொண்டிருந்தது. "அதுகளுக்கு மருந்து வைக்கணும், வேகம் ஆகட்டு," என்றார் வேலப்பன்.

எலிசாள் கறுப்பியை மடியில் போட்டுக்கொண்டு குழியோரம் உட்கார்ந்தாள். வேட்டித் துணியின் முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தாள். உள்ளங்கால் சமமாக இருந்தது. வீக்கம் இல்லை. புண் இருந்த இடத்தில் ரோஸ் நிறத்தில் புதுத்தோல் மூடியிருந்தது. பெருவிரலால் அமுக்கிப் பார்த்தாள்.

"இஞ்ச பாரும் வேலப்பண்ணே."

அவர் குனிந்து பார்த்தார். மண்வெட்டியை எடுத்தார்.

குடிசைக்குள்ளிருந்து தாசையன் கூப்பிட்டான். "எலிசா! கறுப்பிய விட்டாங்களா?"

அவள் அந்தக் காலை விடாமல் பிடித்திருந்தாள்.

"காலு சுகமாயிட்டு," என்றாள்.