ஒன்பது மணிக்கு வராதவர்கள்

புள்ளியியல் படித்ததால் விடுதியில் அவளுக்குப் புள்ளி என்றே பெயர் விழுந்துவிட்டது. "ஒருநாள் பெரும்புள்ளி ஆயிடுவா" என்று அப்பாவும் அதையே பிடித்துக்கொண்டார். அறையில் கூட இருந்தவள் ஒரு வருடம் மூத்தவள். புள்ளி அவளை அக்கா என்று கூப்பிட்டாள். வாய்வார்த்தைக்கு அக்கா அல்ல. புள்ளிக்குக் காய்ச்சல் கண்டபோது தன் பரீட்சையை விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள்.

படிப்பு முடிந்து எட்டு மாதம் ஆகியும் தரவுப் பகுப்பாய்வில் வேலை கிடைக்கவில்லை. போன இடமெல்லாம் அனுபவம் கேட்டார்கள். வேலையே தராவிட்டால் அனுபவத்துக்கு எங்கே போவது? அப்போதுதான் கண் மருத்துவமனை ஒன்றில் வேலை பார்த்த அக்கா போன் செய்தாள்.

"எங்க டீம்ல ஒரு இடம் இருக்குடி. டெஸ்ட் ஒண்ணு அனுப்பறேன். நல்லா பண்ணு, மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

வந்தது ஒரு எக்செல் கோப்பு. முன்பதிவு செய்த நாலாயிரம் பேரின் வயது, ஊர், கொடுத்த நேரம், வந்தார்களா இல்லையா. பாதிப் பேர் ஏன் வருவதில்லை என்று கண்டுபிடிக்க வேண்டும்.

வயது, கிழமை, மழை எதை வைத்துப் பார்த்தும் ஒரு வாரம் ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு ஒன்று கண்ணில் பட்டது. ஒன்பது மணிக்கு வராதவர்களில் பெரும்பாலோர் ஆற்றுக்கு அக்கரை ஊர்க்காரர்கள். இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டிய அப்பா எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"அங்கேருந்து மொத வண்டியே ஒன்பதே காலுக்குத்தான் வந்து சேரும். ஒன்பதுக்கு வான்னா பறந்தா வருவாங்க?"

அக்கரைக்காரர்களுக்குப் பத்து மணிக்கு மேல் நேரம் கொடுங்கள். பதியும்போதே ஆற்றுக்கு எந்தப் பக்கம், பஸ்ஸில் வருகிறீர்களா என்று கேளுங்கள். இதைப் பதினொரு பக்கத்தில் எழுதி அனுப்பினாள். தெருவில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் அப்பா மகளுக்கு வேலை கிடைத்துவிட்டதாகவே சொன்னார்.

இரண்டே வரியில் பதில் வந்தது: அனுபவம் போதாது. "எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்டி" என்று அக்கா போனில் அழுதாள். புள்ளிதான் அவளைத் தேற்றினாள்.

மூன்று மாதம் கழித்து அப்பாவுக்குப் பார்வை மங்கியது. அதே மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். வரவேற்பில் இருந்த பெண் கேட்டாள், "ஆத்துக்கு எந்தப் பக்கத்துலேருந்து வர்றீங்க ஐயா? பஸ்லயா?"

அப்பா துள்ளிவிட்டார். "அட, இதத்தானேம்மா நீ எழுதுன!"

"எங்க டேட்டா மேடம் யோசனைங்க," என்றாள் அந்தப் பெண். "வராதவங்க ரொம்பக் குறைஞ்சிட்டாங்க. மேடத்துக்குப் பதவி உயர்வே குடுத்துட்டாங்க."

அவளுக்குப் பின்னால் சுவரில் அக்கா சான்றிதழ் வாங்கும் படம். அப்பாவின் கண்ணுக்கு அது தெரியவில்லை.

அவரை உட்காரவைத்துவிட்டுப் புள்ளி மாடியேறினாள். அவளைப் பார்த்ததும் அக்கா எழுந்து கதவைச் சாத்தினாள்.

"இடம் இருந்துச்சா இல்லையா? அத மட்டும் சொல்லுக்கா."

அக்கா மேசையையே பார்த்தாள். "இல்ல. ஏன் பாதிப் பேர் வர்றதில்லன்னு பெரிய டாக்டர் கேட்டுட்டே இருந்தார். எனக்கு ஒண்ணும் ஓடல, வேலையே போயிடும்போல இருந்துச்சு."

"உதவின்னு கேட்டிருந்தா செஞ்சிருக்க மாட்டேனா?"

"செஞ்சிருப்ப. அப்புறம் உன் பேரையும் போடணுமே."

"அழுதியேக்கா. நான் உன்னைத் தேத்தினேனே."

"அது நெசமாத்தான்டி அழுதேன்," என்ற அக்கா அவள் கையைப் பிடித்தாள். "இப்ப உண்மையாவே ஒரு இடம் வருது. இன்னொரு கோப்பு அனுப்பறேன், நீ மட்டும்..."

புள்ளி கையை உருவிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

கீழே அப்பா கேட்டார், "நம்ம மூத்தவ, உன் ஹாஸ்டல் அக்கா, இங்கதானே இருக்கா? ஒரு எட்டு பாத்துட்டுப் போலாமா?"

"இன்னிக்கு அவ லீவுப்பா."

வீட்டுக்கு வந்ததும் தேதியோடு எல்லா மின்னஞ்சலையும் பெரிய டாக்டருக்கு அனுப்பினாள். தேர்வு விடைகள் நிறுவனத்துக்கே சொந்தம் என்று பதில் வந்தது.

அடுத்த மாதம் பார்சல் கம்பெனி ஒன்றில் டெஸ்ட் தந்தார்கள். "இந்த வேலை நெசமாவே இருக்குங்களா?" என்று முதலில் கேட்டாள். மேலாளர் சிரித்துவிட்டு, காலியாக இருந்த நாற்காலியைக் காட்டினார். அதில்தான் இப்போது உட்கார்ந்து வேலை பார்க்கிறாள். ஆனால் எந்தக் கோப்பை அனுப்பினாலும் முதல் பக்கத்தில் தன் பெயரைப் பெரிதாகப் போட்டுவிட்டுத்தான் அனுப்புகிறாள். எதற்கு இப்படி என்று சக ஊழியர்கள் கேலி செய்கிறார்கள். அவள் எழுத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக்குகிறாள்.