நாற்பத்தொன்றாம் பக்கம்

"நாப்பத்தொண்ணாம் பக்கத்தை எடுத்துடுங்க சார்."

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். கேட்க வேண்டியதைக் கேட்டபின் ஒரு வார்த்தைகூடக் கூடுதலாகப் பேசாதே, பேசினால் உன் விலையை நீயே குறைக்கிறாய் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர்தான் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

இவரிடம் வேலைக்குச் சேர்ந்த அன்றே மேனேஜர் அக்கா எச்சரித்திருந்தாள். "சார்கிட்ட சம்பளம் கேளு, லீவு கேளு, சண்டைகூடப் போடு. புத்தகத்துல ஏறின வெற்றிக் கடிதத்தை எடுக்கச் சொல்லி மட்டும் கேட்டுடாத." புத்தகத்தைப் படித்து ஜெயித்ததாக வாசகர்கள் எழுதியவை அவை; பதிமூன்று பதிப்புகளில் ஒன்றுகூடக் குறைந்ததில்லை. நான் இதைக் கேட்ட நாளன்று மதியம் பதினான்காவது பதிப்பு அச்சகத்துக்குப் போக இருந்தது.

"யாரு, லிஃப்ட் மெக்கானிக்கா?" என்றார் சார். பக்க எண்ணைச் சொன்னால் ஆளைச் சொல்வார்.

வீடு வீடாகப் படியேறி இன்சூரன்ஸ் விற்றவர் அவர். முதல் புத்தகத்தைப் போட யாரும் முன்வராததால் ஸ்கூட்டரை விற்றுத் தானே அச்சடித்தார். பிறகு மேடை, பயிற்சி நிறுவனம், திவாலான ஒரு கம்பெனி, இன்னும் முடியாத இரண்டு வழக்குகள். டிவி விவாதத்தில் பாதிப் பேர் அவரைக் கும்பிடுவார்கள், மீதிப் பேர் ஃபிராடு என்பார்கள். நான் எந்தப் பக்கமும் சேரமாட்டேன். என் அப்பா மூட்டை தூக்குகிறவர். சித்தப்பாவின் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிய நாளில், ஜாமீன் போடுவது என்றால் என்ன என்று எங்கள் வீட்டில் தெரிந்திருந்த ஒரே ஆள் நான். இவர் புத்தகத்தைக் கல்லூரி பஸ்ஸில் நின்றுகொண்டே படித்ததால் தெரிந்தது. வாசலை மறித்து நின்றேன். சித்தப்பா இரண்டு வருஷம் பேசவில்லை. வீடு இன்னும் எங்களுடையது. நன்றி என்று நான் சொன்னால் அது வாய் வார்த்தை இல்லை.

அடுத்த வருஷம் அவருடைய இலவசக் கூட்டத்தில் எழுந்து, பலகையில் போட்ட வட்டிக் கணக்கு தப்பு என்று கத்தினேன். அரங்கமே என்னை உட்காரச் சொன்னது. அவர் மட்டும் பலகையைத் திரும்பிப் பார்த்தார். "ஆமா, தப்பு. நாளைக்கே வந்து சேரு. என்னைத் திட்டுறதுக்கு எனக்கு ஆள் வேணும்." பட்டம் வாங்கியும் எட்டு இடத்தில் வேலை கிடைக்காதவளுக்கு இப்படித்தான் வேலை கிடைத்தது.

வாசகர் கடிதங்களுக்குப் பதில் எழுதுவது என் வேலை. அவர் பெயரில், அவர் நடையில். கையெழுத்தையும் நானே போடுவேன், அவரைவிட நன்றாக வரும். மாதிரிப் பதில்கள் ஒன்பது இருந்தன. பதினெட்டு வருஷம் ஒரே கம்பெனியில் லிஃப்ட் பழுது பார்த்தவர், வேலையை விட்டுச் சொந்தமாகத் தொடங்கலாமா என்று கேட்டிருந்தார். நான்காம் பதிலை அனுப்பினேன். 'உங்கள் பயம்தான் உங்கள் முதலாளி. அவரை இன்றே வேலையை விட்டு அனுப்புங்கள்.' அந்த வரி என்னுடையது. அதை எழுதிய நாளில் பெருமையோடு காபி குடித்தது நினைவிருக்கிறது.

ஆறு மாதத்தில் அவருடைய அடுத்த கடிதம் வந்தது. சொந்த நிறுவனம், மூன்று கட்டடங்களில் லிஃப்ட் பராமரிப்பு. அதுதான் நாற்பத்தொன்றாம் பக்கம். மூன்றாவது கடிதம் போன வாரம் வந்தது. நிறுவனத்தை மூடியாயிற்றாம். பழைய கம்பெனியிலேயே, தான் தொழில் பழக்கிய பையனுக்குக் கீழே வேலை பார்க்கிறாராம். பக்கத்தைப் படித்தவர்கள் தேடிப்பிடித்து ஃபோன் செய்து, நாங்களும் வேலையை விட்டுவிடலாமா என்று கேட்கிறார்களாம். என்ன சொல்வதென்று தெரியவில்லை, தயவுசெய்து எடுத்துவிடுங்கள் என்று எழுதியிருந்தார். கோபமாக ஒரு சொல் இல்லை. 'உங்கள் பதிலை இன்னும் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன் ஐயா' என்று முடித்திருந்தார்.

சார் அதை இரண்டு முறை படித்தார்.

"அன்னிக்கு அவர் ஜெயிச்சது பொய்யா? ஃபோட்டோல சிரிச்சவன் அப்புறம் அழுதான்னு ஃபோட்டோவைக் கிழிப்பியா?"

"அந்த ஃபோட்டோவைக் காட்டித்தானே சார் ஆள் சேக்கறோம்?"

"வாயைப் பாரு!" என்று சிரித்தார். உண்மையாகவே ரசித்தார். என் பிரச்சினையே இதுதான். திட்டினால் திருப்பித் திட்டலாம்.

"அந்தப் பதிலை எழுதினது நான் சார்."

"கீழ யார் பேர் இருக்கு?"

"உங்க பேர்."

"அப்ப நான்தான் எழுதினேன். இந்த வயசுல இந்தப் பாரமெல்லாம் உனக்கு எதுக்கும்மா? என் தலையில எவ்வளவோ கிடக்கு, இதுவும் கிடக்கட்டும்."

அவர் பெரிய மனசோடுதான் சொன்னார். என் அப்பாவும் அப்படித்தான் சொல்லியிருப்பார். அந்த ஒரு நிமிஷம் தலையாட்டிவிட்டு என் மேஜைக்குத் திரும்பியிருக்க முடியும். நாளைக்கு ஐந்தாம் பதில், நாளைமறுநாள் ஏழாம் பதில். எதுவும் என்னுடையதாக இருக்காது.

"வேண்டாம் சார். அது எனக்கே இருக்கட்டும். எழுதினது நான்தான்னு அவரை நேர்ல பாத்து சொல்லப்போறேன்."

"சொன்னா உன் வேலை என்னாகும்?"

"ராஜினாமாவைக் காலையிலயே மெயில்ல அனுப்பிட்டேன். நீங்க பாக்கல."

அவர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அடுத்த இடத்துல எவ்வளவு சம்பளம் கேக்கப்போற?" என்றார்.

சொன்னேன்.

"கம்மி. இன்னும் கேளு."

"பக்கத்தை எடுப்பீங்களா சார்?"

சிவப்புப் பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றாமல் விரலில் உருட்டிக்கொண்டே இருந்தார். நன்றி என்றேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. மெக்கானிக்கின் முகவரியைப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினேன்.

எதிர்ச் சுவரில் புதுப் பதிப்பின் சுவரொட்டியை ஒருவர் ஒட்டிக்கொண்டிருந்தார். சாரின் பாதி முகம் ஒட்டியாயிற்று, மீதி ஒட்டுகிறவர் கையில் பசையோடு தொங்கியது. "நேரா இருக்கா பாரும்மா" என்றார்.

"இடது பக்கம் கொஞ்சம் தூக்குங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தேன்.