பெரட்டுக்கு வந்த வாத்துகள்

ஜப்பான்காரன் வந்த மறு வருஷம், ரெம்பாவுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் வாத்துகள் பெரட்டுக்கு வரத் தொடங்கின. விடியலில் ஆள் கணக்கெடுக்கும் அந்த வரிசையின் கடைசியில் ஒழுங்காக நிற்கும். பேரேடு எழுதும் கிராணி அமிர்தலிங்கம் வேலைக்குப் போகச் சொன்னதும் கலையும். எந்தச் சீமையிலிருந்து வந்தவையோ, ஜப்பான் வாத்து என்று பெயர் விழுந்துவிட்டது. அரிசியில்லாத காலத்தில் வயிற்றுப்பாட்டுக்கு நட்ட மரவள்ளியைக் கொழுந்தோடு மேய்ந்தன. டின் தட்டினார்கள், கண்ணி வைத்தார்கள். விரட்டிய வாத்து மறுநாள் ஜோடியோடு வந்து நின்றது. பாழாய்ப்போனதுகள்!

பால் மரம் வெட்டும் பஞ்சாலைக்கு மரவள்ளிகூடப் பெரிதில்லை. சயாம் ரயில் வேலைக்கு ஆள் பிடிக்கிறார்கள், போனவன் திரும்புவதில்லை என்று தெரிந்ததும் புருஷன் மாயாண்டியை ஓடையோரப் புதரில் ஒளித்து வைத்திருந்தாள். அவள் கஞ்சி கொண்டுபோகும்போதெல்லாம் ஒரு நொண்டி வாத்து பின்னாலேயே வந்தது. எந்த வாசலில் வாத்து கத்தியதோ அந்த வீட்டு மணியத்தைத்தான் போன வாரம் பிடித்துப் போயிருந்தார்கள்.

“இது சும்மா வரலை லா. வேவு பாக்குது,” என்றாள் மாயாண்டியிடம்.

“வாத்துக்கு என்னாடி தெரியும்?”

“எல்லாந் தெரியும். நீ வாய மூடிக்கிட்டுக் கெடய்யா.”

அவள்தான் லயம் லயமாகப் போய் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி ஆள் திரட்டினாள். பெரட்டில் வைத்தே எல்லா வாத்துகளையும் அடித்துப்போட முடிவானது. ஆனால் அன்று விடியலில் லாரியோடு சோல்ஜர்கள் வந்துவிட்டார்கள். தோட்டத்து ஆட்கள் கம்புகளைக் கீழே போட்டார்கள். அவர்களுடைய அதிகாரி நீட்டிய பட்டியலைப் பார்த்து கிராணி, “மாயாண்டி!” என்று கூப்பிட்டார்.

நொண்டி வாத்து முன்னால் வந்து, “இருக்கேங்க” என்றது, மாயாண்டியின் அதே கரகரத்த குரலில். பெயருக்குக் குரல் கொடுத்தவன்தான் ஆள் என்பது பெரட்டு வழக்கம். அதிகாரியும் அப்படியே ஏற்றிக்கொண்டான். கிராணி மற்றப் பெயர்களையும் கூப்பிட்டார். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாத்து ஏறியது. லாரி தம்பின் ரயிலடிப் பக்கம் போயிற்று.

சண்டை முடிந்து நொண்டி வாத்து மட்டும் திரும்பியது, எலும்பும் தோலுமாய், காலெல்லாம் புண்ணாய். பஞ்சாலை அப்போதும் சந்தேகமாகத்தான் பார்த்தாள்.

“மத்ததெல்லாம் எங்க?”

அது தலை குனிந்துகொண்டது. அவளுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

ஓடையோர மரவள்ளியை அதற்கென்றே விட்டார்கள். யாரும் வேலி போடவில்லை. மறுநாள் பெரட்டில் கிராணி மாயாண்டி என்று கூப்பிட, வாத்து குரல் கொடுத்தது. பக்கத்தில் நின்ற மாயாண்டி வாயைத் திறக்கவில்லை. அந்தப் பெயர் வாத்துக்குப் போய்விட்டதால், கிராணி அவனை அர்ச்சுனன் என்று பதிந்துகொண்டார். கடைசிவரை அவன் பெயர் அதுதான்.