வடக்கு கேலரியின் முதுகு

அப்பாவின் தாடையைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தபோதுதான் போன் அடித்தது. முடிச்சை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் எடுத்தாள். புட்பால் கிளப் ஆபீசிலிருந்து ஒரு பெண், நல்ல தணிந்த குரல். முதலில் வருத்தம் சொன்னாள். பிறகு, புது கோச் நேரில் வந்து பார்க்க ஆசைப்படுகிறார், கிளம்பிவிட்டார் என்றாள். வேண்டாம் என்று இவள் வாயெடுப்பதற்குள் அந்தப் பக்கம் வைத்தாகிவிட்டது.

முடிச்சை இறுக்கினாள். அது அவிழ்ந்துபோனது. மறுபடியும் போட்டாள்.

ஜன்னலுக்கு வெளியே சந்து அடைத்துக்கொண்டு ஆட்கள் நின்றார்கள். அப்பா லிப்ட் ரிப்பேர் பார்த்த மனுஷர். சொந்தக்காரர்களை மட்டும் கூப்பிட்டிருந்தால் கூடத்துக்குள்ளேயே அடங்கிப் போயிருப்பார்கள். வந்திருந்ததில் முக்கால்வாசிப் பேர் கிளப் மைதானத்து வடக்கு கேலரி ஆட்கள். எத்தனையோ வருஷமாக அந்தக் கேலரிக்கு அப்பாதான் விசில். பேரே அதுதான். இரண்டு விரலை வாயில் வைத்து ஒன்று அடித்தால் கேலரியே எழுந்து நிற்கும், இரண்டு அடித்தால் உட்காரும். மூன்று அடித்தது வாழ்நாளில் ஒரே ஒரு தடவை.

அது ஏழுக்காக. ஏழாம் நம்பர் சட்டை போட்டு ஆடியதால் அவன் ஏழு. அந்தக் கேலரியின் செல்லப்பிள்ளை. ஆற்றுக்கு அந்தப் பக்கத்து டீம் கூப்பிட்டதும் சொல்லாமல் கொள்ளாமல் போய், அவர்கள் சட்டையில் இங்கேயே ஆட வந்து நின்றான். மூன்றாவது விசிலில் மொத்தக் கேலரியும் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பியது. ஆட்டம் முடிகிறவரை ஒரு சத்தமில்லை. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. வெளியே வந்து அந்த டீமின் பஸ்ஸை மறித்தார்கள். பாட்டில் பறந்தது, நெரிசலில் இரும்பு கேட் சாய்ந்து தம்பியின் காலில் விழுந்தது. அந்தக் கால் அதற்கப்புறம் தரையில் நேராக ஊன்றவே இல்லை. தம்பி அந்தப் பழியை கேட்டின் மேல் போடவில்லை, கூட்டத்தின் மேலும் போடவில்லை. ஏழின் தலையில்தான் போட்டான்.

அந்த ஏழுதான் இப்போது கோச்சாகத் திரும்பி வந்திருக்கிறான். நாளைக்கு முதல் ஆட்டம். ஒரு வாரமாக ஊரில் வேறு பேச்சில்லை. வீட்டுப் பிள்ளை வீடு வந்து சேர்ந்துவிட்டான் என்று ஒரு கூட்டம். போனவனுக்கு இங்கே என்ன வேலை என்று இன்னொரு கூட்டம். சலூனில் இரண்டு பேர் பாதி சவரத்தில் நுரையோடு எழுந்து சட்டையைப் பிடித்துக்கொண்டார்களாம். இரண்டு கூட்டமும் அப்பாவின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த வாயைத்தான் பக்கவாதம் எப்போதோ கட்டிப்போட்டுவிட்டதே.

கேலரியில் டிரம் அடிக்கிறவர் உள்ளே வந்தார். டமாரம் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். அப்பாவின் காலடியில் கொஞ்ச நேரம் நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"நீ கவலைப்படாதம்மா. அவர் கடைசியா சொன்னத அப்படியே செஞ்சு முடிச்சிடுவோம். நாளைக்கு மொத்த கேலரியும் முதுகுதான்."

"அப்பா எங்க மாமா சொன்னாரு? அவருக்குத்தான் பேச்சே இல்லையே."

"வாயால சொன்னாத்தானா? உன் தம்பி கண்ணால பாத்திருக்கான்."

விஷயம் அப்போதுதான் அவளுக்குப் பிடிபட்டது. டிவியில் ஏழு பேட்டி கொடுத்த அன்று தம்பி வாசல்படி வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனானே, அன்றைக்குத்தான். அசைய முடியாத உடம்பை நல்ல கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்து இழுத்து இழுத்து, அப்பா டிவிக்கு முதுகைக் காட்டிப் படுத்தார். தம்பி பார்த்தது அதைத்தான். விசில் உத்தரவு போட்டுவிட்டார் என்று கேலரி முழுக்கச் சொல்லியிருக்கிறான்.

ஆனால் அப்பா எதற்குத் திரும்பினார் என்பது அவளுக்குத் தெரியும். வாதம் வந்ததில் அவருக்கு வலப்பக்கப் பார்வை சுத்தமாகப் போய்விட்டது, கழுத்தும் திரும்பாது. டிவி இருந்தது வலப்பக்கம். இடப்பக்கம் பீரோ. பீரோ கண்ணாடியில்தான் அவர் டிவி பார்த்தார். ஒருநாள் அவள் ஈரத்துண்டை அந்தக் கதவில் காயப் போட்டதற்குக் கட்டிலைத் தட்டித் தட்டி ரகளையே பண்ணிவிட்டார். ராத்திரி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற தம்பிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

சொல்லிவிடலாம் என்று வாசலுக்கு வந்தாள். எதிர்வீட்டுக்காரர் மாடி எடுப்பதற்காக இறக்கி வைத்திருந்த செங்கல் குவியல்மேல் பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தன் ஒரு செங்கலைக் கைமாற்றிக் கைமாற்றிக் கனம் பார்த்துக்கொண்டிருந்தான். சும்மாத்தான் செய்தான். அவள் படியிலேயே நின்றுவிட்டாள். இப்போது போய் இதைச் சொன்னால் கிளப்காரன் சொல்லிக்கொடுத்தானா என்பார்கள். தம்பியை மட்டும் ஓரமாகக் கூப்பிட்டு, ஏழு வருகிறான் என்றாள். கத்துவான் என்று நினைத்தாள். அவன் கத்தவில்லை.

"வரட்டும்க்கா" என்றான். அவ்வளவுதான்.

சந்து முனையில் கார் நின்றது. ஏழு தனியாக நடந்து வந்தான். காதோரம் நரைத்து, லேசாகத் தொப்பை போட்டு, எங்கோ பார்த்த ஆள்போல இருந்தான். துணி உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. சந்தின் இரண்டு பக்கமும் நின்றவர்கள் ஒருத்தர் பின் ஒருத்தராகச் சுவரைப் பார்த்துத் திரும்பினார்கள். அந்த முதுகுகளுக்கு நடுவே அவன் தலையைக் குனியாமல், நிமிர்த்தவும் செய்யாமல் வந்தான். செங்கல் வைத்திருந்த பையனும் திரும்பித்தான் நின்றான். செங்கல் இன்னும் கையில் இருந்தது.

உள்ளே தம்பி அப்பாவின் தலைமாட்டில் நின்றான். ஏழு வாசலைத் தாண்டியதும் அவனும் முதுகைக் காட்டித் திரும்பினான். திரும்பிய இடத்தில் பீரோ.

"அப்படியே நில்லு" என்றாள் அவள். தன் குரல் தனக்கே யாருடையதோபோல் கேட்டது. "கண்ணாடியில என்ன தெரியுது?"

தம்பி பீரோவின் விளிம்பில் கையை வைத்தான்.

"அப்பாவுக்கு அந்தப் பக்கம் கண்ணு தெரியாதுடா. டாக்டர் சொன்னப்ப நீ இல்ல. டிவிய இதுலதான் பாப்பாரு. அன்னைக்கு அவர் முதுகு காட்டல. இவரப் பாக்கத்தான் திரும்பினாரு."

ஏழு அப்பாவின் காலடியில் நின்றான், கையை எங்கே வைப்பதென்று தெரியாமல். பிறகு பேசினான். யாரிடம் என்றில்லாமல், கட்டிலைப் பார்த்து.

"மைதானத்துல அன்னைக்கும் எல்லாரும் திரும்பிட்டாங்க. இவர் மட்டும் திரும்பல. கம்பிய புடிச்சுக்கிட்டு கடைசி வரைக்கும் நான் ஆடறதையே பாத்துட்டு நின்னாரு. உங்க யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

எப்படித் தெரியும்? எல்லோரும்தான் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்களே. அவள் தம்பியின் பிடரியைப் பார்த்தாள். அது சிவந்திருந்தது. அவன் கண்ணாடியில் யாரைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்பது அவள் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை.

"நான் கிளம்பறேன்" என்றான் ஏழு.

வெளியே இருப்பவர்களுக்கு எதுவும் தெரியாது. அவர்களுக்கு இன்னும் பழைய உத்தரவுதான். சந்து முனைவரை இவன் தனியாக நடக்க வேண்டும். அவள் செருப்பைத் தேடினாள். அதற்குள் தம்பி, ஏழின் முகத்தைப் பார்க்காமலே, அவனைத் தாண்டி வாசலுக்குப் போனான்.

"வாங்க. கார் வரைக்கும் நான் வரேன்."

அவள் கட்டிலருகே நின்றபடியே காதைக் கொடுத்தாள். ஷூ சத்தம். அதை ஒட்டி, ஒரு காலை இழுத்து இழுத்து வைக்கிற சத்தம். சந்தில் வேறு சத்தமே இல்லை, ஒரு இருமல்கூட இல்லை. செங்கல் குவியலைத் தாண்டியிருப்பார்களா என்று தெரியவில்லை. இழுக்கிற கால் ஒரு இடத்தில் நின்றது. பிறகு அது மறுபடி நடந்தது.

கார்க் கதவு சாத்துகிற சத்தம் இன்னும் வரவில்லை. அவள் அப்பாவின் போர்வை நுனியை இழுத்துச் சரிசெய்தாள். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.