தார்ப்பாய்க்குக் கீழே

விடிந்தும் விடியாத மூடுபனிக்குள் மணல் மூட்டை தெய்வம்மாவின் முதுகை அழுத்தியது. லாரி கீழே தார் ரோட்டோடு நின்றுவிட்டது. அங்கிருந்து மேலே, தேயிலையைப் பிடுங்கிவிட்டுக் கட்டிய அந்தப் புது வீடு வரைக்கும், எல்லாவற்றையும் ஆள்தான் சுமக்க வேண்டும். நீச்சல் குளத்துத் தண்ணீரை வடிகட்டும் தொட்டிக்குள் கொட்டுகிற மணல் அது. மழையில் நனைந்து இருமடங்கு கனத்தது. காலில் ஏறிய அட்டைகளைக் குனிந்து பிடுங்க வழியில்லை. அவை வயிறு முட்டக் குடித்துவிட்டுத் தாமாகவே விழுந்தன.

அவளுக்கு முன்னால் அவள் கணவன் ராசுவும், குழாய் வேலைக்காரன் சில்வஸ்டரும், இன்னும் சிலரும் வடிகட்டித் தொட்டியை மூங்கிலில் கட்டித் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். செம்மண் சேற்றில் ஒருவன் கால் வழுக்கினாலும் அத்தனை பேரும் அதனடியில்தான் போவார்கள். மூச்சு வெள்ளையாக வந்தது.

பந்தலூர்ப் பக்கத்து எஸ்டேட்டில் அவர்களுடைய டிவிஷனை மூடிய பிறகு கிடைத்த வேலை இது. சிலோனிலிருந்து கப்பலேறி வந்த நாளிலிருந்து தேயிலைக் கொழுந்தைத் தவிர வேறெதையும் அறியாத குடும்பங்கள் இப்போது சிமெண்டும் குழாயும் சுமந்தன. இதையும் விட்டால் திருப்பூருக்கோ கேரளாவுக்கோ போக வேண்டியதுதான்.

மேலே காண்ட்ராக்டர் ஷிஜோ குடையோடு நின்றிருந்தான்.

"ஞாயித்துக்கிழமை வீடு பிரதிஷ்டை. பாஸ்டர் வராரு, கோயம்புத்தூர்லருந்து ஆளுங்க வராங்க. அன்னிக்குக் குளத்துல சூடா தண்ணி நிக்கணும். இல்லேன்னா ஜெர்சன் சார் என்னை வெச்சேக்கில்லா, உயிரோட விடமாட்டாரு."

குளத்தை ஒட்டி மண்ணுக்கடியில் மோட்டார் குழி. பம்பு, வடிகட்டி, தண்ணீரைச் சூடாக்கும் பெட்டி எல்லாம் அதற்குள்தான். குளத்தின் அடியிலிருந்து வரும் குழாய்களையும் திரும்பிப் போகும் குழாய்களையும் அங்கே பசை தடவி ஒட்ட வேண்டும். அந்தப் பசையை அவர்கள் சொல்யூஷன் என்பார்கள். டின்னைத் திறந்தாலே நெடி கண்ணைக் கரிக்கும்.

மழை நிற்கவில்லை. ஈரம் பட்டால் ஒட்டாது என்று ஷிஜோ குழியின் வாயைத் தார்ப்பாயால் மூடச் சொன்னான்.

"ஒரு பக்கமாவது தொறந்து இருக்கட்டுங்க. உள்ள மூச்சு முட்டும்," என்றான் சில்வஸ்டர்.

"தொறந்தா தண்ணி வரும். ஒட்டினது பூரா விட்டுப் போகும். நீயா பதில் சொல்லுவே?"

வடிகட்டிக்குப் பின்னால் நுழைய ஒல்லியான ஆள் வேண்டும். ராசு இறங்கினான். தார்ப்பாய் மூடியது. நாலு மூலையிலும் கல் வைத்தார்கள். சில்வஸ்டர் மேலே குழாய்களை அறுத்து உள்ளே நீட்டிக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் உள்ளிருந்து கை நீண்டு குழாயை வாங்கியது. பிறகு வாங்கவில்லை.

"ஏனுங்க," என்று தெய்வம்மா கூப்பிட்டாள். பதிலில்லை. மூட்டையை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய்த் தார்ப்பாயை இழுத்தாள். நெடி முகத்தில் அறைந்தது. பம்பு உட்காரும் இரும்புச் சட்டத்தில் தலை மோதி ராசு கிடந்தான். சொல்யூஷன் டின் கவிழ்ந்து சட்டையெல்லாம் ஊறியிருந்தது. உள்ளே இறங்கி அவனைத் தூக்கி வெளியே கொடுத்த சில்வஸ்டரும் தள்ளாடியே ஏறி வந்தான்.

ஷிஜோ ராசுவின் முகத்தருகே குனிந்து நிமிர்ந்தான்.

"வெள்ளமடிச்சிட்டு இறங்கியிருக்கான். சாராய நாத்தம் அடிக்குது பாரு."

யாரும் பேசவில்லை. சில்வஸ்டரும்தான். கீழே ரோட்டுக்குத் தூக்கிப்போய் ஜீப்பில் ஏற்றினார்கள். பெரிய ஆஸ்பத்திரியிலும் ஷிஜோ அதையே சொன்னான்.

"என்ன குடிச்சாரும்மா?" என்று டாக்டர் தெய்வம்மாவைக் கேட்டார்.

"சம்பள நாள்ல குடிப்பாருங்க. இன்னிக்குக் குடிக்கலீங்க. குழாய் ஒட்டுற சொல்யூஷன் நெடிங்க அது."

"கூட வேலை பார்த்தவங்க யாராவது வந்து நடந்ததைச் சொல்லட்டும்மா. அப்பதான் வேலையில விழுந்தாருன்னு எழுத முடியும்."

மறுநாள் ராசு கண் திறந்தான். அவள் முகத்தைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான். இரண்டையும் ஒன்று போலவே பார்த்தான். கட்டிய பெண்டாட்டியை அவனுக்குத் தெரியவில்லை. தெய்வம்மா கழிவறைக்குள் போய்ச் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். எஸ்டேட் லயத்து வீட்டுக்குத் திரும்பிப் போய் என்ன செய்வது என்று யோசித்தாள். எதுவும் தோன்றவில்லை. பக்கத்துக் கட்டில்காரரின் மனைவியிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அடுத்த நாள் விடிகாலை பஸ் பிடித்துக் குளத்துக்கே வந்தாள்.

வேலை நடந்துகொண்டிருந்தது. குழியின் மேல் அதே தார்ப்பாய். வீட்டு முதலாளி ஜெர்சன் காரைக் கீழே ரோட்டில் விட்டுவிட்டு மேலே வந்து நின்றிருந்தார். அவளைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினார்.

"உங்க வீட்டுக்காரருக்காக ஜெபம் பண்ணிட்டு இருக்கோம்மா."

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க சார். வேலையில விழுந்தாருன்னு."

"இது ஷிஜோவோட காண்ட்ராக்ட். இதுல நான் தலையிட முடியாது."

"குளம் யாருதுங்க?"

அவர் முகம் சுருங்கியது. "குடிச்சிட்டு வேலைக்கு வந்தா நான் என்ன செய்ய முடியும்? சொல்லுங்க."

தெய்வம்மா குனிந்து சொல்யூஷன் டின்னை எடுத்தாள். மூடியைத் திருகித் திறந்து அவரிடம் நீட்டினாள்.

"இதைத் தொறந்து வச்சிட்டுக் கொஞ்ச நேரம் குழிக்குள்ள உக்காருங்க சார். மேல நான் மூடுறேன். வெளிய வந்ததும் உங்க வாயை ஷிஜோ மோந்து பாக்கட்டும்."

ஜெர்சன் ஓரடி பின்னால் போனார். ஷிஜோ பாய்ந்து வந்தான்.

"இவளை வெளிய அனுப்பு சில்வஸ்டர். இல்லேன்னா இந்தப் பக்கத்துல உனக்கு ஒரு சைட்டும் கிடைக்காது."

சில்வஸ்டர் கையிலிருந்த ரம்பத்தைக் கீழே வைத்தான்.

"தார்ப்பாயைத் தொறந்து வைக்கச் சொன்னது நான். மூடச் சொன்னது நீங்க. ராசு குடிக்கல. அன்னைக்கே சொல்லியிருக்கணும், வாயடைச்சு நின்னுட்டேன்." பிறகு தெய்வம்மாவிடம் திரும்பினான். "நான் வரேங்க்கா ஆஸ்பத்திரிக்கு."

மணல் சுமந்து வந்த ஐவி மூட்டையை இறக்கினாள். அவளுக்குப் பின்னால் வந்த ஒவ்வொருவரும் இறக்கினார்கள். ஈரச் சாக்குகள் சேற்றில் பொத் பொத்தென்று விழுந்தன.

ஷிஜோ அசரவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிக்கக் கூடலூரிலிருந்து வேறு ஆட்களை முதல் நாளே வரச் சொல்லியிருந்தான். கீழே ரோட்டில் ஜீப் முக்கி முனகி வந்து நின்றது. அவர்களுக்கு மேஸ்திரி சுபின். கருவிப் பையோடு மேலேறிக் குழியருகே வந்தவன் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தான். இரும்புச் சட்டத்தில் கறுத்துக் காய்ந்திருந்த ரத்தத்தையும் பார்த்தான்.

"இது என்ன?"

ஐவிதான் சொன்னாள். மழை பெய்தது. சுபின் கேட்டு முடிக்கும் வரை தார்ப்பாயைக் கையிலிருந்து விடவில்லை. பிறகு அதைக் குழியிலிருந்து முழுக்க உருவி எடுத்தான்.

"நாங்க இறங்கல சேட்டா."

"நீ இல்லேன்னா நாளைக்கு வேற ஆளு வரும்."

"வரட்டும். அவங்ககிட்டயும் சொல்லுவோம்."

"போலீஸைக் கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்க. அவங்களும் குழியைப் பாக்கட்டும்."

ஜெர்சன் ஓரமாய் ஒதுங்கிப் போய் யாருக்கோ போன் பேச ஆரம்பித்தார். நாளை என்ன வரும் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஐவியின் வீட்டில் அரிசிப் பானை அடி தட்டியிருந்தது. சில்வஸ்டருக்குத் தகராறுக்காரன் என்று சொல்லி இனி யாரும் வேலை தரமாட்டார்கள். ராசுவுக்கு நினைவு திரும்புமா என்பதை டாக்டரே சொல்லவில்லை. ஆனாலும் யாரும் மூட்டையைத் திரும்பத் தூக்கவில்லை. கூடலூர் ஆட்களில் இரண்டு பேர் குழியோரம் கால் நீட்டி உட்கார்ந்தார்கள். உள்ளூர்ப் பெண்கள் நகர்ந்து அவர்களுக்கு இடம் விட்டார்கள்.

தெய்வம்மா சரிவில் இறங்கித் தார் ரோட்டுக்கு வந்தாள். சில்வஸ்டரும் ஐவியும் கூட வந்தார்கள். சுபினும் வந்தான், குழியில் பார்த்ததைத் தானும் சொல்ல வேண்டும் என்று. பனிக்குள்ளிருந்து பஸ் விளக்குப் போட்டுக்கொண்டு வந்து நின்றது. தெய்வம்மா ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார்.

"இருங்க," என்றாள். "எங்க ஆளுங்க ஏறிக்கிட்டு இருக்காங்க."