இடக்காலன் உதைத்த பந்து

இடக்காலன் உதைத்த பந்து இன்னும் கீழே இறங்கவில்லை. உதைத்தவன் போய்ச் சேர்ந்துவிட்டான். பந்து மட்டும் மைதானத்தின் நடுவட்டத்துக்கு நேர்மேலே, தண்ணீர்த் தொட்டி உயரத்தில், அப்படியே நிற்கிறது. வெளியூர்க்காரர்கள் வந்து வாயைப் பிளப்பார்கள். எங்களுக்கு அது பழகிப்போன சமாச்சாரம். மழை பெய்தால் நனையும், வெயிலடித்தால் காயும், எப்போதாவது ஒரு காக்கை உட்காரப் பார்த்து வழுக்கிக்கொண்டு போகும். புதிதாகக் குடிவந்தவர்கள் மட்டும் கொஞ்ச நாளைக்கு அதன் அடியில் நடக்கும்போது தலையில் கை வைத்துக்கொள்வார்கள்.

அது ரயில் பணிமனை அணிக்கும் நூலாலை அணிக்கும் நடந்த இறுதி ஆட்டம். ஆளுக்கொரு கோல், முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். பணிமனையில் துருச் சுரண்டும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருந்த இடக்காலன், மீசை கூடச் சரியாக முளைக்காதவன், தன் பக்கத்துப் பாதியில் பந்தை வாங்கி, ஒருவனை இப்படி ஏமாற்றி, இன்னொருவனை அப்படி ஏமாற்றி, எதிர்க் கோலை நிமிர்ந்து பார்த்து இடது காலால் ஒன்று விட்டான். சத்தமே வரவில்லை என்று பார்த்தவர்கள் சொல்வார்கள். பந்து எழும்பியது, எழும்பிக்கொண்டே போனது, நடுவட்டத்துக்கு மேலே போய் நின்றுவிட்டது. ஆலை அணியின் கோல்கீப்பர் இரண்டு கையையும் விரித்தபடி இருட்டும்வரை அண்ணாந்து நின்றார். பாவம், அவர் கழுத்து அப்புறம் நேராகவே இல்லை. ஜனங்கள் சாப்பாட்டுக்கு நேரமாகிறதென்று கிளம்பினார்கள். ஆட்டத்தை முடித்துவிடச் சொல்லி இரண்டு அணியும் நடுவரைக் கெஞ்சின. அவர் தபால் நிலையத்தில் கடிதம் பிரிப்பவர், விதி என்றால் விதி என்கிற ஆள். "பந்து வெளியே போகல, கோலுக்குள்ளயும் போகல. ஆட்டத்துலதான் இருக்கு. நான் எதை வெச்சு ஊதுறது?" என்று கேட்டார். அதனால் அந்த ஆட்டம் முடியவில்லை. பழைய ஆட்டம் மேலே நடந்துகொண்டிருக்க, புதிய ஆட்டங்களை அவருடைய தனி அனுமதியோடு கீழே நடத்திவந்தோம். விசிலை அவர் கழுத்திலிருந்து கழற்றியதேயில்லை. அதோடுதான் குளிக்கிறார் என்று அவர் மனைவியே சொல்லியிருக்கிறார். விசில்காரர் என்ற பெயர் அப்படித்தான் நிலைத்தது.

இடக்காலனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினோம், அதைச் சொல்லாமல் இருப்பது நியாயமில்லை. பெரிய நகரத்துக் கிளப்புகளிலிருந்து அவனை அழைத்துப்போக ஆட்கள் வந்தார்கள். ஒவ்வொரு முறையும் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஸ்டேஷன் வரை போவான். ரயில் வந்து நிற்கும். தான் இல்லாத நேரத்தில் பந்து கீழே வந்துவிட்டால் என்ன செய்வது என்று திடீரென்று பயம் பிடித்துக்கொள்ளும். பெட்டியோடு திரும்பி மைதானத்துக்கே ஓடி வருவான். போகவே போகாதவனை யார் எத்தனை தடவை கூப்பிடுவார்கள்? இங்கேயே ஆடினான். நன்றாகவே ஆடினான். அவன் அடித்த கோல்களில் பாதியை வேறொருவன் அடித்திருந்தால் அவனுக்கு மாலை போட்டிருப்போம். ஆனால் அவன் உதைத்த பந்தெல்லாம் கீழே வந்தது. பந்தென்றால் வரத்தான் செய்யும். அது வந்து விழும்போதெல்லாம் நாங்கள் கேலரியில் உட்கார்ந்து "ச்சு" கொட்டினோம். அந்த "ச்சு" அவன் காதில் விழுந்திருக்கும் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. பிறகு அவன் குடிக்க ஆரம்பித்தான். அந்தக் கதையை அவன் வாயால் கேட்க வேண்டுமென்று வருகிறவன் போகிறவனெல்லாம் வாங்கிக் கொடுத்தான். முதலில் பயிற்சிக்கு வராமல் போனான், அப்புறம் ஆட்டத்துக்கு, அப்புறம் பணிமனைக்கு. முப்பது வயதுக்குள் அவனுடைய ஆட்டமும் வேலையும் முடிந்துவிட்டன.

இதற்கிடையில் அவனுக்குக் கல்யாணமும் ஆகியிருந்தது. மனைவி, ஆயத்த ஆடைக் கூடத்தில் சட்டைக்குப் பொத்தான் தைப்பவள், அதிகம் பேசாத உழைப்பாளி. ஒரு மகள். பள்ளிக்கூடத்திலிருந்து மகளைக் கூட்டிவரப் போனவன் அவளை வாசலிலேயே மறந்துவிட்டுச் சாராயக்கடைக்குப் போன நாட்கள் உண்டு. குடித்துவிட்டுக் கதவை உடைத்த நாட்களும் உண்டு. மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஊர்க் கிளப்புத் தலைவரிடம் போய் அழுதாள். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து ஜன்னலைத் திறந்து விரலை நீட்டினார். "மேல பாரும்மா. அதை உதைச்ச காலும்மா அது. கொஞ்சம் முன்னே பின்னே இருக்கத்தான் செய்யும்" என்றார். அண்டை வீட்டாரும் அதையே சொன்னார்கள், அவள் கூடப் பிறந்த அண்ணனும் அதையே சொன்னான். அவள் வாயைத் திறந்தாலே எல்லோருடைய விரலும் மேலே போகும். என்ன ஊரோ இது என்று எனக்கே சில சமயம் வெறுத்துப்போகும்.

மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுகிறவர் ஒரு கோடை நாளில், உச்சி வேளையில் பந்தின் நிழல் விழுகிற இடத்தைச் சுற்றிச் சும்மா ஒரு வட்டம் போட்டு வைத்திருந்தார். குளிர்காலத்தில் அதே வேளையில் பார்த்தால் நிழல் அந்த வட்டத்தை விட்டு எங்கோ தள்ளிக் கிடந்தது. நிழல் நகர்ந்திருக்கிறதென்றால் பந்து சரிகிறது என்று அவர் சொன்னார். பந்து சரிகிறதென்றால் அது இடக்காலனின் குடியால்தான் என்று ஊர் சொன்னது. அண்ணாந்து பார்த்தால் பந்து இருந்தபடிதான் இருந்தது. ஆனால் ஒருவர் சொன்ன பிறகு எல்லோர் கண்ணுக்கும் இறங்கியே தெரிந்தது. அவன் மனைவியின் அழுகைக்கு அசையாத ஊர், பந்துக்கு ஆபத்து என்றதும் திரண்டு அவன் வீட்டு வாசலுக்கு வந்தது. "இனிமே ஒரு சொட்டு கூட வேணாம்பா, உன் கால்ல விழறோம்" என்று கிளப்புத் தலைவர் கும்பிட்டார். இடக்காலன் அன்றோடு குடியை நிறுத்தினான்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அவன் மனிதனாக இருந்தான். மாலையில் வீட்டில் இருந்தான். மனைவி கொண்டுவந்த சட்டைகளுக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தான், கை நடுக்கத்தில் பாதி நேரம் நூல் ஊசிக்காதுக்குள் போகாததைப் பார்த்து அவள் சிரித்தாள். மகளுக்கு ஒரு சிவப்பு ரப்பர் பந்து வாங்கி வந்தான். உதைத்துக் காட்டச் சொல்லி அவள் நச்சரித்தாள். மாட்டேன் மாட்டேன் என்றவன், ஒரு நாள் சந்தில் வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு, இடது காலால் மெல்ல உதைத்தான். பந்து மாடி உயரம் போனது, துணிக்கொடியில் பட்டது, எதிர்வீட்டுக்காரி துணி அலசிக்கொண்டிருந்த வாளியில் தொப்பென்று விழுந்தது. அவள் மேலெல்லாம் சோப்புத் தண்ணீர். இடக்காலன் முகம் செத்துப்போய், "வந்துடுச்சு பாத்தியா" என்றான். மகளோ கைதட்டிக் குதித்தாள். "வந்துடுச்சுப்பா! இன்னொரு தடவைப்பா!" பந்து கீழே வந்ததற்காக அவனுக்கு ஒருவர் கைதட்டியது அதுதான் முதல் தடவை. அவனும் சிரித்துவிட்டு இன்னொரு தடவை உதைத்தான்.

வெயில் ஏறத் தொடங்கியபோது சாலையை அகலப்படுத்த ஒரு நில அளவையாளர் வந்தார். கிளப்புக்காரர்கள் அவரை விடாமல் பிடித்து மைதானத்துக்கு இழுத்து வந்தார்கள். அவர் முக்காலியில் கருவியை நிறுத்தி, பந்தைத் தாங்கி நிற்பது எது என்றெல்லாம் கேட்காமல், உயரத்தை மட்டும் அளந்தார். வருஷத்தில் சூரியன் வடக்கேயும் தெற்கேயும் நகரும், அதோடு நிழலும் நகரும், பந்து இம்மியும் நகரவில்லை என்றார். இடக்காலன் குடித்தபோதும் நகரவில்லை, குடியை விட்டபோதும் நகரவில்லை. ஊர் சந்தோஷத்தில் துள்ளியது. இடக்காலனைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள், நேரே எங்கே கொண்டுபோனார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. அவன் மனைவி வாசலில் நின்று அந்த ஊர்வலத்தைப் பார்த்தாள். "படிச்ச மனுஷன்தானே, ஒரு பொய் சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாள். அவள் பேசி ஊர் கேட்டது அநேகமாக அவ்வளவுதான்.

சில வருஷங்களில் அவள் காய்ச்சலில் படுத்தாள். மூச்சு வாங்க ஆரம்பித்ததும் மகள் மைதானத்துக்கு ஓடினாள். இடக்காலன் நடுவட்டத்தில் நின்று வெளியூர்க்காரர்கள் சிலருக்கு அந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொண்டிருந்தான், கையில் தம்ளர். "அம்மா கூப்பிடறாங்கப்பா." "இதோ வரேன், நீ போம்மா." கதை முடிந்து அவன் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அழுதான், சுவரில் முட்டிக்கொண்டான், அதில் பொய்யில்லை. ஆனால் அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மகளிடம் துக்கத்துக்கு வந்த ஒரு பெரியவர் குனிந்து, "அப்பாமேல கோபப்படாதடா கண்ணு. உங்கப்பா யாரு, சாதாரண ஆளா? மேல பாரு" என்றார், ஏதோ ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு. அன்றைக்கு அந்தப் பெண் குனிந்த தலைதான். அதற்கப்புறம் அவள் அந்தப் பந்தைப் பார்க்கவேயில்லை. பார்த்துவிட்டால் அப்பாவை மன்னித்ததாக ஆகிவிடும், அம்மா தனியாகிவிடுவாள் என்று அவளுக்குப் பயம்.

வளர்ந்து பேருந்தில் நடத்துநர் ஆனாள். அவள் வண்டி தினமும் மைதானத்தைச் சுற்றித்தான் போகும். திருப்பம் வந்ததும் பயணிகள் எல்லோரும் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஜன்னல் வழியே அண்ணாந்து பார்ப்பார்கள், வண்டியே அந்தப் பக்கம் இறங்கும். அவள் மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பி டிக்கெட் கிழிப்பாள். அப்பாவை அவள் தெருவில் விட்டுவிடவில்லை. சோறு போட்டாள், துணி துவைத்துப் போட்டாள், விழுந்து கிடந்தால் தூக்கிவந்து படுக்க வைத்தாள். பேச்சு மட்டும் சாப்பாடு ஆச்சா என்ற அளவோடு நின்றது. அவன் கடைசிக் காலத்தில் ஒரே ஒரு முறை, "அந்த ரப்பர் பந்து இருக்காம்மா?" என்று கேட்டான். "இருக்கு" என்றாள். அவன் மேற்கொண்டு கேட்கவில்லை, அவளும் எடுத்துக் காட்டவில்லை. அப்புறம் அதை நினைத்து எவ்வளவு அழுதாளோ, யாருக்குத் தெரியும்.

ஒரு மத்தியானம் கேலரிப் படியில் உட்கார்ந்தபடியே இடக்காலன் போய்விட்டான். செய்தி பரவியதும் ஊர் முதலில் ஓடியது அவனைப் பார்க்க அல்ல, பந்தைப் பார்க்க. அது இருந்த இடத்தில் இருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்ட பிறகுதான் ஆளைத் தூக்கினார்கள்.

பழைய கேலரியை இடித்துப் புதிது கட்டியபோது அவன் பெயரை வைக்கலாமா என்று கிளப்பு கூடியது. சண்டையில் நாற்காலிகள் உடைந்தன. வாழ்ந்த வாழ்க்கையை நாசமாக்கி, கிடைத்த காலையும் நாசமாக்கிய குடிகாரன் பெயரைப் பார்த்துப் பிள்ளைகள் என்ன கற்றுக்கொள்ளும் என்று ஒரு பக்கம். குடித்தது வாய், உதைத்தது கால், வாய்க்கா பெயர் வைக்கிறோம் என்று இன்னொரு பக்கம். தீராமல் கடைசியில் மகளைக் கூப்பிட்டார்கள். அவள் வேலை உடையோடு, தோளில் தொங்கிய பையைக் கூடக் கழற்றாமல் வந்து நின்றாள். "பேரு வைங்க. அவர் உதைச்சது நெஜம்தானே. குடிச்சதுனால அது இல்லன்னு ஆயிடாது. ஆனா எங்கம்மா பட்டதும் நெஜம். பந்து மேல நிக்கிறதுனால அது இல்லன்னு ஆயிடுமா?" அவள் பையைத் தோளில் இழுத்து ஏற்றிக்கொண்டாள். "எனக்கு ஒண்ணே ஒண்ணு செய்ங்க. இனிமே இந்த ஊர்ல யாரும் என்கிட்ட 'மேல பாரு'ன்னு சொல்லாதீங்க." கிளப்புத் தலைவர், அதற்குள் தொண்டு கிழம், பழக்கதோஷத்தில் பாதி தூக்கிய விரலை மடக்கிக்கொண்டார்.

கேலரி திறந்த அன்று பேச்செல்லாம் முடிந்து கூட்டம் கலையும் நேரத்தில் அவள் வந்தாள். கையில் வெளிறிப்போன சிவப்பு ரப்பர் பந்து. கோட்டைத் தாண்டப்போனவளை விசில்காரர் கைநீட்டித் தடுத்தார். கண் பாதி தெரியாது அவருக்கு, ஆனாலும் தடுத்தார். "ஆட்டம் நடந்துக்கிட்டு இருக்கும்மா. கேக்காம உள்ள போகக் கூடாது."

அவள் கோட்டுக்கு வெளியிலேயே நின்று கேட்டாள். "அப்பாவுக்குப் பதிலா வரலாமா?"

மாற்று ஆட்டக்காரரின் காலணியைப் பார்க்காமல் எந்த நடுவரும் உள்ளே விடமாட்டார். விசில்காரர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, அவளுடைய செருப்பின் அடியைத் தடவிப் பார்த்துவிட்டு, போ என்று கையசைத்தார். அவள் நடுவட்டத்துக்குப் போய்ப் பந்தைக் கீழே வைத்தாள். செருப்பைக் கழற்றினாள். அவளுக்கு வலது கால் பழக்கம். ஆனாலும் இடது காலால் உதைத்தாள். பந்து எழும்பியது. தான் உதைத்த பந்து எங்கே போகிறது என்று பார்க்காத மனுஷர் உண்டா? அவளும் தலையைத் தூக்கினாள்.

ரப்பர் பந்து கொஞ்ச உயரம் போய்த் திரும்பி, அவள் காலடியில் வந்து விழுந்து குதித்தது. அவள் தலை மட்டும் கீழே வரவில்லை. கூட்டம் அப்படியே நின்றது. அவள் அன்று வேண்டிக்கொண்டபடி யாரும் மேலே விரல் நீட்டவில்லை.

"இவ்ளோ சின்னதாவா இருந்துச்சு?" என்றாள் அவள், யாரிடமோ கேட்பது போல. கண்ணிலிருந்து நீர் காதுப் பக்கமாக வழிந்தது. அண்ணாந்தபடியே, "நல்லாத்தான் உதைச்சிருக்காரு" என்றாள். குனிந்து ரப்பர் பந்தை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

மன்னித்துவிட்டாளா என்று ஊர் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறது. அது அவள் பாடு. விசில்காரர் விசிலை மகனிடம் கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார், மகனும் ஊதவில்லை. பந்து மேலே இருக்கிறது. அவள் வண்டி மைதானத் திருப்பத்துக்கு வரும்போது, கை சும்மா இருந்தால் அவளும் மற்றவர்களோடு ஜன்னல் பக்கம் சாய்ந்து பார்ப்பாள். கூட்டமாக இருந்தால் பார்ப்பதில்லை, டிக்கெட் கொடுக்கவே நேரம் சரியாக இருக்கும்.